பெட்ரோல் வாடை: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே ஒன்டாரியோவில் பனி இப்போதுதான் கரைகிறது. விமானம் நிறுத்தும் ஹேங்கர் கதவைத் திறந்து வைத்து வேலை பார்க்க முடிகிறது.

நீ எழுதிய அந்தப் பயிற்சி விமானம் மனசை விட்டுப் போகவே இல்லை. கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது, கேட்டால் "பழைய செஸ்னான்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்படி இருக்கக் கூடாது, சேகர். எத்தனை பழசானாலும் உள்ளே பெட்ரோல் வாடை வந்தால் எங்கேயோ கசிகிறது. தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு மூக்கு பழகிவிடும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வருஷம் இதே மாதிரி ஒன்று என்னிடம் வந்தது. 1975 மாடல் செஸ்னா 172. வாடை சில நாள் வருகிறது, சில நாள் இல்லை என்றார் சொந்தக்காரர். நான் நேரே பிரைமரை, அதாவது என்ஜினுக்குள் பெட்ரோல் தள்ளும் கை பம்ப்பை, கழற்றினேன். குளிர் ஊரில் காலையில் என்ஜினை எழுப்ப அதை நாலைந்து முறை இழுத்துத் தள்ளுகிறோம். அந்த பம்ப் இருப்பதோ பைலட்டுக்கு முன்னால் பேனலிலேயே. உள்ளே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் நகம் மாதிரி இறுகிக் கிடந்தது. மாற்றினேன், வாடை போனது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: எப்போது வருகிறது? அவர் யோசித்து, "தூரப் பயணத்துக்கு டேங்க்கை முழுக்க நிரப்பினால் வருகிறது" என்றார். இறக்கைக்கு ஒரு டேங்க், 21 கேலன். பாதியாக இருந்தால் வாடை இல்லை, முழுசாக இருந்தால் உண்டு என்றால் ஓட்டை பாதிக்கு மேலே இருக்கிறது. பிரைமர், பெட்ரோலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், கார்புரேட்டர் எல்லாம் டேங்க்குக்குக் கீழே. அங்கே கசிந்தால் பாதி டேங்க்கிலும் கசியும்.

இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், கேபின் உள்பக்கத்து மூடியைக் கழற்றினேன். கூரைத் துணியில் மை ஊறினது போல நீல விளிம்பு, அலை அலையாக, ஒன்றுக்குள் ஒன்றாக. ஒவ்வொரு முறை நிரப்பியதும் நனைந்து, காய்ந்து, சாயத்தை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. 100எல்எல் என்கிற விமான பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பது நமக்கு எவ்வளவு பெரிய உதவி! பெட்ரோல் ஆவியாகிவிடும், நீலம் போகாது. மேலே சென்டர், அதாவது டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று எரிபொருள் மானிக்கு அனுப்பும் கருவி. அதன் கேஸ்கட் செத்துப்போய், திருகு மரை வழியாகவும் ஈரம் வந்திருந்தது. கரண்ட் வயர் வருவதும் அதே இடத்துக்குத்தான். பைலட்டின் தலைக்கு மேலே, சேகர். அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

டேங்க்கை வடித்து, புது கேஸ்கட்டும் திருகுகளுக்கு சீலிங் வாஷரும் போட்டேன். மறுபடி விளிம்பு வரை நிரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ தாளைக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். சென்டருக்குக் கீழே கட்டிய தாள் வெள்ளையாகவே இருந்தது. ஸ்ட்ரெய்னருக்குக் கீழே கட்டிய தாளில் மட்டும் மிளகு அளவு நீலப் பொட்டு. வாடைக்குக் காரணம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தால் அதை விட்டிருப்பேன்.

உன் விமானத்திலும் அதையே செய். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த்திங் வயர் மாட்டி, வெளிக்காற்று வரும் இடத்தில். கையுறை போட்டுக்கொள், பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. ஒரு ராத்திரி செலக்டரை (டேங்க்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் வால்வை) மூடியும் மறு ராத்திரி திறந்தும் வைத்துப் பார். மூடினால் நிற்கிற கசிவு வால்வுக்கு அப்பால், என்ஜின் பக்கம். மூடியும் நிற்காவிட்டால் டேங்க்கிலிருந்து வால்வு வரைக்குள். கதவுத் தூணுக்குள் இறங்கும் குழாயை மறந்துவிடாதே. இறக்கைக்கு அடியில், டேங்க்குக்குக் காற்று போய்வரும் வென்ட் குழாயில் சொட்டினால் மட்டும் பதறாதே; முழு டேங்க்கோடு வெயிலில் நின்றால், அல்லது சரிவில் நின்று ஒரு டேங்க்கிலிருந்து மற்றதுக்கு ஓடினால், அது சொட்டும்.

அதுவரை பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை அதில் ஏற்றாதே. மேலிடம் என்ன சொன்னாலும் லாக் புக்கில் உன் கையால் எழுதி நிறுத்திவை. கையெழுத்துப் போடுகிறவன் நீ.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல். எந்தத் தாளில் நீலம் விழுந்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
முரளி