பேச்சுக்கு முன் நகல், பேச்சுக்குப் பின் மனு

காவிரி டெல்டாவில் தேசிய அரசியல், கொள்கை பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிற விவசாய சங்கங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் கல்லூரித் துறைகளுக்கும் வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கே கூட்டம் போட்டாலும் ஆள் வருகிறார்கள். நெல் ஆதரவு விலை, தொகுதி மறுவரையறை, ஹைட்ரோகார்பன் என எதுவானாலும் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என்ன செய்ய முடிகிறது என்பதுதான் எங்கள் கவலை. பேச்சாளர் ஊருக்குக் கிளம்பும்போது, அரசு கருத்துக் கேட்ட கெடு பெரும்பாலும் முடிந்தே போயிருக்கிறது.

மத்திய அரசு 2014-இல் வகுத்த கொள்கைப்படி, ஒரு சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அது கொள்கைதான், சட்டம் அல்ல. அதனால் பல மசோதாக்கள் அந்த 30 நாளைப் பார்ப்பதே இல்லை. மசோதா நாடாளுமன்றக் குழுவுக்குப் போனால் குழு விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அதற்கும் சில வாரங்களே கிடைக்கும். நாமோ பேச்சாளரிடம் தேதி வாங்கி, மண்டபம் பிடித்து, நோட்டீஸ் அடிப்பதற்குள் ஒன்றரை மாதத்தைக் கடத்திவிடுகிறோம். பெரிய பேச்சாளருக்காகக் காத்திருக்காதீர்கள். வரைவைப் படித்துச் சொல்லத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் போதும்; பத்து நாளில் கூட்டத்தை முடித்துவிடலாம்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16 அன்று வந்த அறிவிக்கை, நிலத்தில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்டுவதை பி2 பிரிவுக்கு மாற்றியது. அதாவது மக்கள் கருத்துக்கேட்பு இல்லாமலே அனுமதி. அதே ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. தமிழ் உட்பட, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-இல் உத்தரவிட்டது. கருத்துச் சொல்ல ஆகஸ்ட் 11 வரைதான் நேரம். இப்படிப்பட்ட அறிவிக்கையில் நம் வயலைத் தொடுகிற பத்தி எது என்று கண்டுபிடித்துத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுப்பது, இரண்டு மணி நேரச் சிறப்புரையைவிடப் பயனுள்ள வேலை.

பேச்சுக்கு முன் கையில் கொடுக்க வேண்டிய நகல் என்று நாங்கள் சொல்வது பேச்சின் சுருக்கத்தை அல்ல. மூல வாசகத்தையும் எண்களையும். காவிரி பற்றிய மேடைகளில் 404.25-ம் 177.25-ம் எப்போதும் குழம்பிப் போகின்றன. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் தமிழகத்துக்கு ஒதுக்கிய மொத்தம் 404.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). அதில் கர்நாடகம் எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25, மீதி 227 அதற்குக் கீழே தமிழகத்துக்குள்ளேயே கிடைப்பதாகக் கணக்கு. அந்த 177.25-க்கு மாதக் கணக்கும் உண்டு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. இந்தப் பட்டியல் கையில் இருக்கிற விவசாயி, "ஜூலையில் வந்தது எவ்வளவு, காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அதற்கு என்ன செய்தது?" என்று கேட்பார். பட்டியல் இல்லாதவர் கைதட்டிவிட்டுப் போவார்.

நேரத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 5 மணிக் கூட்டம் ஐந்தே முக்காலுக்குத் தொடங்குகிறது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, பொன்னாடை எல்லாம் முடிய ஆறரை. சிறப்புரை எட்டு வரை. கேள்வி நேரம் வரும்போது கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியவர்களே அவர்கள்தான். முன்னுரைகள் எல்லாம் சேர்ந்து 10 நிமிடம், பேச்சு 40, கேள்வி 60 என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். பேச்சாளர் ஆங்கிலத்தில் பேசினால் 40 நிமிடம் மொழிபெயர்ப்போடு 80 ஆகிவிடும். எழுத்து வடிவத்தை முன்கூட்டியே வாங்கித் தமிழில் கொடுத்துவிட்டால் அவர் 20 நிமிடம் பேசினால் போதும்.

கேள்வியைச் சீட்டிலும் வாங்குங்கள். கால் தாள், ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி, பெயர் கட்டாயமில்லை. நடவு வேலை செய்கிற பெண்கள் மைக்கில் கேட்கத் தயங்குவதைச் சீட்டில் கேட்பார்கள். எழுதித் தர ஒரு மாணவி பக்கத்தில் இருக்கட்டும். அவர்கள் வர வேண்டுமானால் மாலை 6 மணி ஆகாது, அது உலை வைக்கிற நேரம். வயல் வேலை முடிந்த பிறகு, 3 மணி சரி. தை அறுவடையில், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிக் காவல் கிடப்பவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் கிடைக்கும், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்த ஆண்டென்றால் குறுவை நடவும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

மைக் விஷயம் சின்னது போலத் தெரியும். ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்குப் பின்னால் இருந்தால் அதன் சத்தமே திரும்ப மைக்கில் ஏறிக் கூவும். பெட்டிகள் மேடைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். கேள்விக்குத் தனியாக ஒரு கார்டுலெஸ், மாற்று பேட்டரியோடு. அதை எடுத்துச் செல்பவர் கையிலிருந்து விடவே கூடாது. விட்டால் கேள்வி சொற்பொழிவாகிவிடும்.

கடைசி 15 நிமிடம் மனுவுக்கு. எந்தப் பிரிவு, என்ன மாற்றம், ஏன் என்று மூன்று பத்திகள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். நாடாளுமன்றக் குழுக்கள் பொதுவாக ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்கின்றன, அதனால் மொழிபெயர்க்க ஒருவரை முதலிலேயே பேசி வைத்திருங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் என்றால் அதையும் மனுவிலேயே எழுத வேண்டும். இன்னொன்று: குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் ஆவணம், அதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். ஆகவே பத்திரிகைக்குக் கூட்டத்தின் தீர்மானத்தைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் வைக்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
டெல்டாவில் கூட்ட ஏற்பாடுகளில் இருக்கும் சிலர்