பிரிட்ஜுக்குள் போன ரொட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள் படிக்கவோ எழுதவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள்தான் வாசித்துக் காட்டினாள். முழங்கால் வலியைப் பற்றி நான்கு வரி, பேக்கரியைப் பற்றி மூன்று பக்கம். முடித்துவிட்டு, "அப்பா, மாமா நன்றாகத்தான் இருக்கிறார்" என்றாள்.

இப்போது கண் பரவாயில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முப்பது வருடமாகப் போய்வந்த கடையில் இனி கால் வைப்பதில்லை என்று முடிவே எடுத்துவிட்டாயாம். ரொட்டி பழைய மாதிரி இல்லை, மறுநாளே விறைத்துப்போகிறது என்கிறாய். இறைச்சியும் சீஸும் சீவித் தரும் டெலி கவுண்டரில் இருந்த பெண் உன்னைப் பார்த்தும் பார்க்காதவள் போல மிஷினைத் துடைத்துக்கொண்டே கால் மணி நேரம் நிற்கவைத்தாள் என்கிறாய். எடை குறைந்ததைக் கேட்டால் ஒரு பையன் உதட்டைப் பிதுக்கினான் என்கிறாய். கவுண்டருக்கு அந்தப் பக்கம் 11 வருடம் நின்றவன் நான். அதனால் மூன்று வழக்குக்கும் நானே தீர்ப்புச் சொல்கிறேன். ஒன்றில்தான் நீ ஜெயிக்கிறாய், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரொட்டி. உன் கடிதத்தில் நீயே கவனிக்காமல் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "புது பிரிட்ஜில் வைத்தும் மறுநாள் கல்லாகிவிடுகிறது." மகள் அந்த வரியை வாசித்ததும் நான் சிரித்துவிட்டேன், கண்ணில் கட்டோடு. டேய், வைத்தும் இல்லை, வைத்ததால்!

ரொட்டி பழசாவது என்றால் காய்ந்துபோவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கவுண்டரில் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். 1852இலேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அப்படி இல்லை என்று காட்டிவிட்டார். ஈரம் போகாமல் மூடி வைத்தாலும் ரொட்டி விறைக்கிறது. விறைத்ததைத் திரும்பச் சூடாக்கினால் மெத்தென்று ஆகிவிடுகிறது. அடுப்பில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதி நெகிழ்கிறது. ஆறிய பிறகு அது மெல்ல மெல்லத் தன் பழைய ஒழுங்குக்குத் திரும்பி இறுகுகிறது. இந்த இறுக்கத்துக்கு மிகவும் பிடித்த இடம் பிரிட்ஜின் குளிர்தான். வெளியே காகிதப் பையில் கிடந்தால் இரண்டு நாள் ஆகும் விறைப்பு, உள்ளே ஒரே ராத்திரியில் வந்துவிடும். உறையவைக்கும் பெட்டியில் போட்டுவிட்டால் அனேகமாக நின்றேவிடும். அதனால் ஒன்று வெளியே வை, இல்லாவிட்டால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வை. நடுவில் எங்கும் வைக்காதே. கல்லானதையும் தூக்கிப் போடாதே. மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடேறும்படி அடுப்பில் வைத்தால் திரும்பி வரும். அதை உடனே சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் "பழைய மாதிரி இல்லை" என்று நீ சொல்வதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். எங்கள் கடையில் பழைய செங்கல் அடுப்பை எடுத்துவிட்டுப் புது அடுப்பு வைப்பதாக முதலாளி ஒரு திங்கட்கிழமை அறிவிப்பு ஒட்டினார். செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்து, "புது அடுப்பு ரொட்டியில் அந்த வாசனை இல்லையே" என்றார்கள். புது அடுப்பு வந்து இறங்கியதே வியாழக்கிழமைதான்! நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பிசைகிற இடத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தோம்.

அதே கடையில் இன்னொன்றும் நடந்தது. ஒரு கோடையில் ஆள் பற்றாக்குறை. ராத்திரி முழுக்கப் புளிக்கவிடும் மாவை நிறுத்திவிட்டு, ஈஸ்ட்டைக் கூட்டிப் போட்டு இரண்டு மணி நேரத்தில் எழுப்பினார்கள். கவுண்டரில் இருந்த எங்களுக்கே சொல்லவில்லை. பார்க்க அதே நிறம், அதே உயரம். ஒரு பாட்டி மட்டும் மூன்றாம் நாள் வந்து, "மாவைத் தூங்கவிடவில்லையா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ச் சொன்னேன். மாவு பிசைகிறவர் முகம் செத்துவிட்டது. ருசியின் பெரும்பங்கு அந்த நீண்ட புளிப்பில்தான் இருக்கிறது. அதில் உருவாகும் அமிலம்தான் ரொட்டியைச் சில நாள் காப்பாற்றவும் செய்கிறது. 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் முறை என்று ஒன்று வந்தது தெரியுமா? மாவைச் சில நிமிடம் அதிவேகமாக அடித்துப் பிசைந்து, மணிக்கணக்கில் காத்திருக்கும் முதல் புளிப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். பஞ்சு மாதிரி ரொட்டி, கொஞ்ச நேரத்தில் கிடைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எத்தனையோ வீட்டில் காலை உணவு அதுதான். ஆனால் பழைய கடை ஒன்று அதே பெயரில், அதே பலகையின் கீழே சத்தமில்லாமல் அப்படி மாறினால் அது வேறு விஷயம்.

ஆக, உன் கடை மாறியதா, நீ மாறினாயா, பிரிட்ஜ் மாறியதா? பிரிட்ஜை விலக்கிவிட்டு ஒரு ரொட்டியை மூன்று நாள் வைத்துப் பார். வாங்கி வந்ததும் சூட்டோடு வெட்டாதே. அடுப்பிலிருந்து வரும்போது அதன் நடுப்பகுதி 95 டிகிரி பக்கம் இருக்கும். வேகும் வேலை உள்ளே இன்னும் முடிந்திருக்காது, கத்தியில் பசை மாதிரி ஒட்டும். "சுடச்சுடக் கொடுங்கள்" என்று அடம்பிடித்து வாங்கிப்போய், "வேகவே இல்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் எங்களிடம் ஒரு பட்டியலே உண்டு. நீயும் அந்த ஜாதிதான், எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழக்கில் நான் அந்தப் பெண் பக்கம். இறைச்சியும் சீஸும் சீவும் மிஷினை அவள் பகுதி பகுதியாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். வேண்டுமென்றே உன்னை நிற்கவைத்ததாக எழுதியிருக்கிறாய். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி உண்டு. மற்றவை குளிரில் சுருண்டு கிடக்கும்போது இது பிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும். சீவும் மிஷினின் கத்திக்குப் பின்னால், தடுப்புத் தகட்டின் இடுக்கில் சிக்கிய ஒரு துணுக்கு போதும், அன்றைக்குச் சீவுகிற எல்லாவற்றிலும் ஏறிவிடும். கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் அது பலமாகத் தாக்கும். வயதானவர்கள் என்றால் இப்போது நீயும் நானும்தான் அப்பா. இடைவிடாமல் ஓடும் மிஷினை 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும் என்று அமெரிக்க உணவு விதித்தொகுப்பே சொல்கிறது. வரிசையில் பத்து பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது கத்தியைக் கழற்றுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். நான் பல தடவை அந்தத் தைரியம் இல்லாமல், "இன்னும் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டுக் கழுவலாம்" என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: "ஐந்து நிமிடம் ஐயா, கழுவிக்கொண்டிருக்கிறேன்" என்று அவள் வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதில் நீ ஜெயித்துவிட்டாய். 250 கிராம் கேட்டாய், வீட்டில் நிறுத்துப் பார்த்தால் 231. (உன் வீட்டுத் தராசையும் ஒரு தடவை சோதித்துவிடு, அது உன் கல்யாணத்துக்கு வந்த பரிசு இல்லையா?) காகிதத்தின் எடையைக் கழிக்க மறந்தாலே அவ்வளவு போய்விடும். பெரும்பாலும் அது திருட்டு இல்லை, அவசரம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: கேட்டதற்குச் சற்றுக் கூடச் சீவிவிட்டு, "கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்க வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வியாபாரத் தந்திரம்தான், ஆனாலும் தராசின் முள் வாடிக்கையாளர் கண்ணுக்கு முன்னால் ஏறுகிறது அல்லவா?

எடை விஷயத்தில் ரொட்டிக்காரன் மேல் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் 1266 வாக்கிலேயே ரொட்டியின் எடைக்குச் சட்டம் போட்டார்கள். குறைந்தால் அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் பொது இடத்தில் அவமானம். அதற்குப் பயந்துதான் டஜனுக்கு 13 கொடுக்கும் பழக்கம் வந்தது என்பார்கள். அதற்கும் முன்னால், பொ.ஆ. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியத்தில் கரிந்துபோன ஒரு ரொட்டி அப்படியே கிடைத்திருக்கிறது. அதன் மேல் முத்திரை: குவின்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை கேலெர். ஊர் மண்ணுக்குள் போய்விட்டது, அது யார் வீட்டு ரொட்டி என்பது மட்டும் மிச்சமிருக்கிறது. உன் கடைப் பையன் உதட்டைப் பிதுக்கியபோது என்ன சொன்னான் என்றால், இந்த ரொட்டி மேல் என் பெயர் இல்லை என்றான். அது எனக்கும் கோபம்தான்.

எங்கள் முதலாளி நல்லவர் என்று சொல்ல மாட்டேன். கஞ்சன், முன்கோபி. ஆனால் குறை கேட்கத் தெரிந்தவர். ஒருவர் ரொட்டிக்குள் சாக்கு நூல் இருந்தது என்று கொண்டுவந்தார். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டார். வந்தவர் தன்னை நம்பவில்லை என்று கொதித்துவிட்டார். முதலாளியோ அந்த நேரத்து ஈடு எது என்று பார்த்து, அலமாரியில் மிச்சமிருந்த ஏழு ரொட்டியையும் அங்கேயே பிய்த்துப் போட்டார். இன்னொன்றிலும் நூல் இருந்தது. அதற்குப் பிறகுதான் மன்னிப்பு. அந்த மனிதர் கடைசிவரை எங்களிடம்தான் வாங்கினார்.

இதற்கு நேர்மாறாக ஒருவர். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டோம். ஒரு வருடம் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். "முந்தின நாள் பன்னை அன்றைக்குச் சுட்டது என்று சொல்லிக் கொடுத்தீர்களே" என்றார். உண்மைதான், கொடுத்தது நான். தட்டு மாறிவிட்டது, எனக்கே தெரியாது. அவர் சொல்லியிருந்தால் கையோடு மாற்றியிருப்பேன். ஒரு வருடம் அவர் நல்ல ரொட்டியை இழந்தார், நாங்கள் அவரை இழந்தோம், தட்டு மட்டும் தினமும் மாறிக்கொண்டே இருந்தது.

ரொம்ப நாள் வாடிக்கையிலும் சங்கடம் உண்டு. எப்போதும் இரண்டு ரொட்டி வாங்குபவர் ஒரு நாள் ஒன்று போதும் என்றார். புதிதாக வந்த பையன் சத்தமாக, "ஒன்றுதானா?" என்று கேட்டுவிட்டான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்ன பிறகு எங்கள் கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். அவர் மனைவியும் எங்களிடம்தான் வாங்குவார். உப்பிட்ட இறைச்சியைத் திருட்டுத்தனமாக வாங்க, முகம் தெரியாத கடை வேண்டியிருந்தது பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை போகாதே, அன்றைக்கு யாருக்கும் காது இருக்காது. செவ்வாயோ புதனோ காலைக் கூட்டம் வடிந்த பிறகு போ. அந்தப் பையனிடம் சொல்லாதே, முதலாளியைக் கூப்பிட்டு 231 என்ற எண்ணைச் சொல். ராத்திரிப் புளிப்பு இன்னும் இருக்கிறதா என்றும் கேள். அவரும் உதட்டைப் பிதுக்கினால் அப்போது கடையை மாற்று, நானே ஆமோதிக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒன்றும் சொல்லாதே. முடிந்தால் ஒரு வணக்கம் வை.

என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. முழங்காலைப் பற்றியும் நாலு வரிக்கு மேல் எழுது, வீட்டில் கவலைப்படுகிறார்கள். ரொட்டி வாங்கி வந்தால் காகிதப் பையோடு மேசை மேலேயே கிடக்கட்டும். பிரிட்ஜ் பக்கம் போனாய் என்று தெரிந்தால் முப்பது வருட வாடிக்கை என்று கூடப் பார்க்க மாட்டேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்