கறி வெட்ட மறுத்து வேலையிழந்த அக்காவின் வழக்குக்கு இன்னும் 88,500 ரூபாய் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் அக்காவின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் இறுதி விசாரணைக்கு வருகிறது. அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கவுன்டரும் (பதில் மனு) டைப்டு செட்டும் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பு) தாக்கலாக வேண்டும் என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். கையில் இருப்பது போதவில்லை, 88,500 ரூபாய் துண்டு விழுகிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்தியாக வேண்டும் என்பது அன்றைய தொழிற்சாலைச் சட்டம். அப்படி நம் கடலூர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் கேன்டீனில் அக்கா 2010இல் சேர்ந்தார். சோறு வடிப்பது, சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் அவர் பொறுப்பு. வள்ளலார் வழியில் வந்த குடும்பம் என்பதால் கறி, மீன், முட்டை எதிலும் கை வைக்க மாட்டார். சேரும்போதே இதைச் சொல்லித்தான் சேர்ந்தார். அந்த அடுப்புக்கு வேறு ஆள் இருந்ததால் 11 வருஷம் ஒரு சிக்கலும் வரவில்லை. 2021இல் கேன்டீனில் ஆள் குறைத்தார்கள். புதிதாக வந்த மேலாளர், கோழியையும் நீயே வெட்டிச் சமை என்றார்.

"எச்சில் தட்டு எடுக்கச் சொன்னாலும் எடுக்கிறேன் சார், கூடுதலா ரெண்டு மணி நேரம் நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். கறி மட்டும் வேணாம்" என்று அக்கா கேட்டிருக்கிறார். உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா படித்தது எட்டாம் வகுப்பு, தமிழில். உள்விசாரணையும் முக்கால்வாசி ஆங்கிலத்திலேயே நடந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டே மாதத்தில் டிஸ்மிஸ்.

இந்த ஊரில் இப்படி நடக்கலாமா என்றுதான் எங்கள் குழுவின் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். கொண்ட சமயத்துக்காகக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்ட குப்பத்தை இன்றும் காட்டுகிற ஊர் இது. வள்ளலார் பிறந்த மருதூரும் நம் மாவட்டம்தான். 1867இல் அவர் தருமச்சாலை கட்ட வடலூர்க்காரர்கள் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அன்று ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்து வந்தவரிடம் நீ எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் சோறு போடுகிற அடுப்பு அது. கோர்ட்டு, கேஸ் என்றாலே நமக்கெதற்கு என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1869இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்குக்காக நம் மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் படியை வள்ளலாரும் ஏறியிருக்கிறார். அவர் உள்ளே நுழைந்ததும் எதிராளி உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று எங்கள் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். அந்தக் கதை எப்படியோ, படி ஏறியது உண்மை.

இதில் சைவம் உசத்தி, அசைவம் மட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. ஆலையில் யாரும் கறி சாப்பிடக் கூடாது என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. என் கையால் வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

அரசியல் சட்டம் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1985இல் தேசிய கீதம் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி வெளியேற்றியது. மீண்டும் சேர்க்கச் சொல்லி 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது அரசு அதிகாரிகளின் உத்தரவு சம்பந்தப்பட்டது, இது தனியார் ஆலை. அதனால் நம் வக்கீல் 25ஐ மட்டும் நம்பி இறங்கவில்லை. நிலையாணைப்படி (ஆலையின் வேலை விதிகள்) உத்தரவு நியாயமானதாகவும் இருக்க வேண்டும், சேரும்போது ஒப்புக்கொள்ளாத வேலையைத் திடீரென்று திணிப்பது நியாயமா, புரியாத மொழியில் நடத்தியது விசாரணையா என்றுதான் வாதாடினார். முதலில் தொழிலாளர் துறையில் சமரசம் பேசினோம். ஆலை இறங்கி வரவில்லை. 45 நாள் கழிந்ததும் தொழிற்தகராறு சட்டம் 2ஏ பிரிவில் கடலூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேரே போனோம்.

குறுக்கு விசாரணையில், "நீங்கள் வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்கி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஆலை வக்கீல் கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "பதினோரு வருஷம் அங்கதான் சாப்பிட்டேன். என் தட்டுல என்ன இருந்துச்சுன்னு உங்க ஆளுங்களையே கேளுங்க" என்றார். ஆலைத் தரப்புச் சாட்சியே அதை ஒத்துக்கொண்டார். 2025இல் தீர்ப்பு வந்தது: பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தில் பாதி. அதை எதிர்த்து ஆலை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு ஸ்டே (தடை) வாங்கியிருக்கிறது.

இனி கணக்கு. சென்னை வக்கீல் ஃபீஸ் 1,20,000 ரூபாய். சாட்சியம், ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு, டைப்டு செட், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 38,000. போக்குவரத்து, குமாஸ்தா செலவு 12,000. அக்கா வீட்டுக்கு மாதம் 5,000 வீதம் ஒரு வருஷத்துக்கு 60,000. ஆக 2,30,000. வந்தது 1,41,500. வீட்டுச் செலவை ஏன் சேர்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஆலை வழக்கை இழுக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும் என்று, நாம் வழக்குத் தொடுத்த அந்தப் பழைய தொழிற்தகராறு சட்டத்தின் 17பி பிரிவில் இருக்கிறது. அதற்கு, வேறெங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டும். மனு போட்டாயிற்று, உத்தரவு வரவில்லை. அதுவரை அந்த வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? பணம் வரத் தொடங்கினால் மாத உதவி நின்றுவிடும், மீதி வழக்குக்கே போகும்.

இலவச சட்ட உதவி கேட்டிருக்கலாமே என்பதும் நியாயமான கேள்விதான். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அது உண்டு. ஆனால் தொழிலாளர் சட்டத்திலேயே ஊறிய வக்கீல்தான் வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கடலூரில் வாதாடிய வக்கீல் ஐயா ஒரு பைசா ஃபீஸ் வாங்கவில்லை. அவர் கைகாட்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறோம்.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. முதல் 10,000 ரூபாய் முதுநகர் மீன் விற்கும் அம்மாக்கள் சேர்ந்து கொடுத்தது. கூடையிலிருந்து எடுத்த ஈர நோட்டுகளை எங்கள் பொருளாளர் வீட்டுத் திண்ணையில் காயப்போட்டுத்தான் எண்ணினார். மஞ்சக்குப்பம் பிரியாணிக் கடை பாய் 5,000 கொடுத்து, "நான் கோழி விக்கிறவன்தான், அதுக்காக அந்தம்மாவ வெட்டச் சொல்லுவனா?" என்றார். திருப்பாப்புலியூர் ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் ஒரு நாள் சவாரிக் காசு முழுவதையும் தந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதம் தவறாமல் 1,000 அனுப்புகிறார். சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் 25,000 அனுப்பினார்கள். அந்த ஆலையிலேயே வேலை செய்கிறவர்களும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ரசீதில் 'நலம்விரும்பி' என்றுதான் எழுதியிருக்கிறோம். காரணம் சொல்லத் தேவையில்லை. எல்லோர் குடும்பமும் அருட்பெருஞ்ஜோதி ஆண்டவர் அருளால் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறோம். தீர்ப்பு வந்த அன்று மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவர்களில் பலர் இன்னும் ஒரு ரூபாய் தரவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்கள் பெயரெல்லாம் நோட்டில் இருக்கிறது. படித்துக் காட்டுகிற எண்ணம் எங்களுக்கு இல்லை, அவரவருக்கே தெரியும். தைப்பூசத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி இறக்குகிற அன்பர்கள் சிலர், கேஸுக்குக் கொடுத்தால் புண்ணியம் உண்டா என்று கேட்டார்கள். ஜீவகாருண்யத்தை விட மாட்டேன் என்றுதான் அந்த அம்மா 14,200 ரூபாய் சம்பளத்தை விட்டார். பார்த்துக்கொள்ளுங்கள்.

100 ரூபாயும் பெரிது. பணத்தைப் பொருளாளரிடமோ செயலாளரிடமோ மட்டும் கொடுங்கள். முத்திரை வைத்த ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தர வேண்டாம். வங்கியில் போடுகிறவர்கள் போட்ட அன்றே ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள், பெயர் தெரியாமல் நிற்கும் தொகைகளால் கணக்குப்பிள்ளைக்குத் தலைவலி. 8ஆம் தேதி இரவு கணக்கை மூடி, 9ஆம் தேதி காலை பஸ்ஸில் செயலாளர் சென்னைக்குப் பணத்தோடு கிளம்புகிறார். வரவு செலவு நோட்டு பொருளாளர் வீட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வழக்கு நிதிக் குழுவினர்,
கடலூர்