காய்ச்சல் விட்ட பிறகு

அன்பின் மகனுக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது உன் அம்மாவிடம் உன்னை விசாரித்தேன். "அவனுக்கு இப்ப ஒரு குறையும் இல்லை அக்கா. வேலையும் பேர்மனன்ட் ஆகிட்டுது. சேர்ச்சுக்கு வரத்தான் நேரமில்லை" என்றார். முகத்தில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் சங்கடமும் இருந்தது. அன்றிரவு நானே உனக்குக் கோல் எடுத்தேன். "அன்ரி, என்ர விசுவாசத்தில ஒரு மாற்றமும் இல்லை. எல்லாம் அப்பிடியேதான் இருக்கு" என்றாய்.

அந்த "அப்பிடியேதான்" என்ற சொல் என்னை விடவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீ ஒரு கைகூப்புகிற படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயர் போடவில்லை, அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். உன்னைப்போல கொழும்புப் பக்கம் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்து இருக்கிற இன்னும் நாலு பிள்ளைகள் வாசித்தால் அதுவும் நல்லதே.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்தவள். இரவு ஏழு மணிக்குப் போனால் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவோம். "விழித்திருங்கள்" என்று வேதத்தில் எங்கே வாசித்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வார்ட்டுதான். அதிலும் 2017ஆம் வருஷத்து வார்ட்டு. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்கு இடையில் பாயில் ஒருவர், நடக்க இடமில்லை.

டெங்கில் ஒரு தந்திரம் இருக்கிறது, மகன். காய்ச்சல் நூற்றிமூன்று, நூற்றிநாலு என்று கொதிக்கிற நாட்களில் எல்லோரும் பயப்படுவார்கள். தாய்மார் அழுவார்கள், நேர்த்தி வைப்பார்கள், தலைக்கு ஈரத்துணி போடுவார்கள். பிறகு நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை எழும்பி உட்கார்ந்து பிஸ்கட் கேட்கும். தாய் பையை அடுக்கத் தொடங்குவா. உண்மையான ஆபத்து தொடங்குவது அப்போதுதான். இரத்தக் குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் மெதுவாக வெளியே கசியும். வெளியில் ஒரு துளி இரத்தம் தெரியாது, நோவும் பெரிதாக இராது. 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம்வரை அந்தக் கண்டம். அந்த நேரத்தில் நாங்கள் பார்ப்பது பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை. 100க்கு 70 என்றால் சரி. 100க்கு 80 என்றால் டொக்டரை எழுப்ப வேண்டும். மேல் எண் அதே நூறுதான், ஆனால் இடைவெளி இருபதுக்கு வந்துவிட்டது. ஆள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பான், கையைத் தொட்டால் குளிராக இருக்கும்.

அப்படி ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரஷர் பார்க்கப் போனால், "மிஸ்ஸி, எனக்குச் சுகமாகிட்டுது, ஏன் திரும்பத் திரும்ப வாறீங்க?" என்று கேட்டான். நகத்தை அமுக்கி விட்டேன். வெள்ளையாகவே நின்றது, நிறம் திரும்ப நேரமெடுத்தது. பிறகு டொக்டர் வந்து, சேலைன் ஏற்றி, விடியும்வரை பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து அவனைக் காப்பாற்றினோம். "எனக்குச் சுகமாகிட்டுது" என்று அவன் சொன்னது பொய் இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாருக்கும் சொல்லாதது. அதற்கு நிறைய வருஷங்களுக்கு முன்பு, வேறோர் ஆஸ்பத்திரியில், தொடர்ந்து நாலாவது நைட். மூன்று மணி. அந்த மூன்று மணியின் தூக்கம் எப்படிப்பட்டது என்று நைட் டியூட்டி செய்தவர்களுக்குத்தான் தெரியும், கண் திறந்திருக்கும்போதே மனம் போய்விடும். ஒரு கட்டிலுக்கு நான் போகவில்லை. இரண்டு மணிக்கு எழுதிய எண்ணைப் பார்த்து அதையே மூன்று மணிக்கும் எழுதினேன். நாடி 88, பிரஷர் 110க்கு 70. காலையில் சிஸ்டர் சார்ட்டைப் புரட்டினா. ஒன்றும் பேசவில்லை. ஒரேமாதிரி இருந்த இரண்டு வரிக்கும் நடுவில் விரலை வைத்து என்னைப் பார்த்தா, அவ்வளவுதான். அந்த நோயாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை, கர்த்தர் காத்தார். ஆனால் எனக்கு அந்த விரல் இன்றைக்கும் தெரிகிறது.

நீ "எல்லாம் அப்பிடியேதான் இருக்கு" என்று சொன்னபோது எனக்கு அந்தச் சார்ட்தான் கண்ணுக்கு முன் வந்தது.

உன் சார்ட்டில் முன்பு எழுதிய எண் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது 2022. அந்த வருஷம் மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாளும் இருந்தது. அப்பா பெற்றோலுக்கு ஓட்டோவை வரிசையில் விட்டுவிட்டு அதிலேயே படுப்பார், நீ மண்ணெண்ணெய்க் கேனோடு இன்னொரு வரிசையில் நிற்பாய். அங்கிருந்தே எனக்குக் கோல் எடுத்து, "அன்ரி, 121ஆம் சங்கீதம் வாசிச்சனான், இப்ப பயமில்லை" என்றாய். "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." அந்த இரவில் நீ விழித்திருந்தாய், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது காய்ச்சல் இருந்த காலம். அந்த எண்ணை இன்றைக்கு எழுதக் கூடாது.

தாவீதைப் பார். சவுல் ராஜா துரத்தின காலமெல்லாம் குகையிலும் வனாந்தரத்திலும் கிடந்தான், சங்கீதம் பாடினான், கையில் அகப்பட்ட சவுலைக்கூடத் தொடாமல் விட்டான். விழுந்தது எங்கே? அரமனையில். சேனை யுத்தத்துக்குப் போயிருக்கிறது, இவன் எருசலேமில் நின்றுவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையை விட்டு எழுந்து மொட்டைமாடியில் உலாவுகிறான். இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார், அதில் வருகிற முதல் தவறு பிறன் மனைவி பத்சேபாளை எடுத்தது இல்லை. வேலையெல்லாம் சரியாக நடக்கிறது, இனி நான் பார்க்கத் தேவையில்லை என்ற அந்தச் சாவகாசம்தான்.

விழிப்பு என்றதும் சிலர் வேறெதையோ நினைக்கிறார்கள். எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பாதி கடைசிக் காலம் பற்றியது. எரிபொருளுக்கு கியூஆர் கோட் வந்தபோது அதுதான் வேதத்தில் வருகிற மிருகத்தின் இலக்கம் 666 என்று எனக்கு ஒருவர் படம் போட்டு அனுப்பினார். அடுத்த வாரம் அவரும் அதே கோடைக் காட்டித்தான் பெற்றோல் அடித்தார், பாவம். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று இயேசுவே சொன்ன பிறகு, கணக்குப் பார்ப்பதில் எனக்கு அக்கறை இல்லை. ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மிஸ்ஸி கட்டிலைப் பார்க்க மாட்டாள்.

வாசல் காவல் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, அங்கே குண்டு வெடித்த நாள். அதைப் பற்றி விவரமாக எழுத இன்றும் மனம் வருவதில்லை. முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் பொறுப்பில் இருந்தவர்கள் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சார்ட்டில் எண் எழுதியிருந்தது, எழும்பிப் பார்க்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆலய வாசலிலும் பையைத் திறந்து பார்த்தார்கள். முதல் வருஷம் குடையைக்கூட விரித்துப் பார்த்தார்கள். இப்போது வாசலில் நிற்கிற தம்பி என்னைக் கண்டதும் "போங்க அன்ரி" என்கிறான். அவனைக் குறை சொல்ல நான் யார்? நானே மூன்று மணிக்கு எண் எழுதினவள்.

உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. களைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மணவாளனுக்குக் காத்திருந்ததாக இயேசு சொன்ன உவமையில் பத்துக் கன்னிகைகளும்தான் தூங்கினார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்து. தூங்கினதற்காக ஒருத்தியையும் வெளியே விடவில்லை. விளக்குக்கு எண்ணெய் இருந்ததா என்பதுதான் கேள்வி. "விற்கிறவர்களிடத்தில் போய், உங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நடுராத்திரியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்திலும் பார், பேதுரு தூங்கிவிட்டான். இயேசு கேட்டது என்ன? "நீங்கள் ஒரு மணிநேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" இரவு முழுக்க என்று கேட்கவில்லை. அந்த வேதனையிலும் மூன்று தடவை எழும்பி வந்து சீஷர்களைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்தான். எனக்கு அந்த இடம் வாசிக்கும்போதெல்லாம் கையில் டோர்ச்சோடு ஒருவர் கட்டில் கட்டிலாக வருவது போலவே இருக்கும். அன்றைக்குத் தூங்கின அதே பேதுருதான் பிற்காலத்தில் "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்" என்று சபைகளுக்கு எழுதினான். தூங்கித் தெரிந்தவன் சொன்னதால்தான் எனக்கு அதில் நம்பிக்கை.

நீ இப்போது வருஷத்தில் தவறாமல் வருவது டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு மட்டும். வெள்ளைச் சேட் போட்டு, பன்னிரண்டு மணிக்குப் பட்டாசுச் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போவாய். அந்த இரவு எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் கிங்ஸ்வூட் என்ற இடத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் முன்பு சாராயக்கடையில் கழித்த இரவை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதை நிறுத்தச் சொல்லாமல் தானும் வந்து சேர்ந்துகொண்டார். பூரணைக்குக் கிட்டிய வெள்ளிக்கிழமையை அதற்குத் தெரிந்தார், போகிறவர்களுக்கும் திரும்புகிறவர்களுக்கும் நிலா வெளிச்சம் வேண்டுமே என்று. நம் ஊர் என்றால் பூரணைக்குப் போயா லீவும் கிடைத்திருக்கும்! 1742 ஏப்ரலில் லண்டனிலும் தொடங்கினார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வைத்ததை நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆக்கிவிட்டோம். அது உன்னுடைய பிழை மட்டும் இல்லை.

ஆனபடியால் நான் உன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. உபவாசம், முழு இரவு ஜெபம் எல்லாம் இப்போதைக்கு விடு. வார்ட்டில் நாங்கள் விழித்திருந்தது மனவுறுதியால் இல்லை, ரவுண்ட் இருந்ததால். மணி அடித்தால் எழும்பிப் போக வேண்டும், போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும். மனம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காலையில் போனைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சங்கீதம் வாசி, 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது அதில் ஒரு வரியை மனதில் வைத்துக்கொள். படுக்கப் போகும் முன் இன்றைக்கு யாரிடம் எரிந்து விழுந்தேன், எங்கே பொய் சொன்னேன், எதற்கு நன்றி சொல்ல மறந்தேன் என்று நேர்மையாக ஒரு தடவை பார். ஒன்றும் உணராவிட்டாலும் பார். வறட்சி என்றால் வறட்சி என்றே எழுது. பொய்யான 110க்கு 70ஐ விட, உண்மையான 100க்கு 80ஐ வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்யலாம்.

தன் நாடியைத் தானே சரியாகப் பிடிக்கிறவன் குறைவு, அதனால் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் கோல் எடுப்பேன். வேலை, சம்பளம், கல்யாணப் பேச்சு ஒன்றும் கேட்க மாட்டேன். ஒரே கேள்விதான். "அப்பிடியேதான் இருக்கு" என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பிறகு நீயும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும், நான் ஓய்வு பெற்றது ஆஸ்பத்திரியிலிருந்து மட்டுந்தான்.

போனைச் சைலன்டில் போட்டுவிடாதே.

உன்னை ஞானஸ்நானத் தொட்டியண்டை கையில் ஏந்தி நின்ற
அன்ரி
கொட்டாஞ்சேனை