உன் மகளின் ஆய்வுக் கட்டுரை குறித்து

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஓட்டுக் கூரை, தகரக் கூரை, காங்கிரீட் கூரை என மூன்று வகுப்பறைகளில் உன் மகள் நாற்பது நாள் விடாமல் வெப்பநிலையைக் குறித்து வைத்திருக்கிறாள் என்று படித்ததும், அந்த நோட்டை உடனே வாங்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பதினொன்றாம் வகுப்பிலேயே அதை ஆய்விதழில் வெளியிட வேண்டும் என்று அவள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால், பணம் கட்டினால் பதினைந்தே நாளில் கட்டுரையை அச்சேற்றித் தருவதாக உன்னிடம் பேசியவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் உள்ள செயின்ட் மேரிஸ் அகாடமியில் படித்த நேகியா ஜாக்சன், கல்சியா ஜான்சன் என்ற இரு மாணவிகளைப் பற்றி நீயும் செய்தித்தாளில் படித்திருப்பாய். பிதாகரஸ் தேற்றத்தை முக்கோணவியல் கொண்டு நிறுவ முடியுமா என்பது அவர்கள் பள்ளிக் கணிதப் போட்டியில் வந்த கூடுதல் வினா. சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்தால் ஒன்று என்பதே பிதாகரஸ் தேற்றத்திலிருந்து வருவதுதானே. அதை வைத்து அதையே நிறுவினால் வட்டத்தில் சுற்றியதாகிவிடும். அந்தத் தேற்றத்தின் நிறுவல்களை நூற்றுக்கணக்கில் திரட்டிய எலிஷா லூமிஸ், முக்கோணவியல் வழி நிறுவல் இருக்கவே முடியாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் செய்ததை என் வகுப்புக் கரும்பலகையில் ஒரு பிற்பகல் முழுவதும் போட்டுப் பார்த்தேன். செங்கோண முக்கோணத்தை அதன் பிரதிபலிப்போடு ஒட்டி இருசமபக்க முக்கோணமாக்கி, ஒரு பக்கத்துக்குச் செங்குத்துக்கோடு வரைந்து, மற்றொரு பக்கத்தை அக்கோட்டைத் தொடும்வரை நீட்டுகிறார்கள். இடையில் கிடைக்கும் இடத்தில் வடிவொத்த முக்கோணங்கள் ஒன்றைவிட ஒன்று சிறிதாகி, ஐஸ்கிரீம் கோன் போல ஒரு முனையில் போய் முடிகின்றன. அவற்றின் பக்கங்களை, ஒவ்வோர் உறுப்பும் முந்தையதன் ஒரே மடங்காக வரும் பெருக்குத் தொடராகக் கூட்டி, முக்கோணத்தின் பக்கங்களை எதிர்க்கோணங்களோடு இணைக்கும் சைன் விதியோடு ஒப்பிட்டால் தேற்றம் வந்து நிற்கிறது. இரு சிறிய பக்கங்களும் சமமாக இருந்தால் மட்டும் அந்தக் கோடுகள் சந்திப்பதே இல்லை, தொடரைக் கூட்டினாலும் முடிவான தொகை கிடைக்காது. அந்த ஒரு நிலையைத் தனியாக நிறுவியாக வேண்டும். சைன் விதியால் அது ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நிறுவல் முழுமை பெறாது.

2023 மார்ச்சில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் இதை அவர்கள் பேசினார்கள். செய்தித்தாள்கள் இரண்டாயிரம் ஆண்டுகளில் முதன்முறை என்று எழுதின. அது சரியன்று, ஜேசன் ஜிம்பா என்பவர் 2009-லேயே முக்கோணவியல் வழி நிறுவல் ஒன்றை வெளியிட்டிருந்தார். அதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடவில்லை என்பதே என் எண்ணம். எனக்குப் பெரிதாகப்பட்டது அதன்பின் நடந்ததுதான். அவர்களுடைய கட்டுரை அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி இதழில் வெளியானது 2024 அக்டோபரில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் இருவரும் வெவ்வேறு கல்லூரிகளில் சேர்ந்து, வகுப்புப் பாடங்களுக்கு நடுவே கணிதக் கட்டுரை எழுதும் முறையையும் அதற்கான லேட்டெக் மென்பொருளையும் பழகிக்கொண்டார்கள். கூட்டத்தில் பேசியபோது கையில் இருந்த ஒரு நிறுவல், கட்டுரையாக வெளிவந்தபோது குறைந்தது பத்தாகிவிட்டது. பதினைந்து நாளில் அச்சேற்றியிருந்தால் அந்த ஒன்றோடு நின்றிருக்கும்.

பள்ளி மாணவர்களுக்கென்றே நேர்மையான இதழ்களும் உண்டு. ஹார்வர்டின் முனைவர் பட்ட மாணவர்கள் 2011-இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ் அவற்றில் ஒன்று. அங்கே ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்துக் கேள்விகள் எழுதி அனுப்புவார்கள், பிள்ளைகள் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். உன் மகளிடம் என்ன கேட்பார்கள் என்று என்னால் இப்போதே ஊகிக்க முடிகிறது. மூன்று அறைகளிலும் வெப்பமானி ஒரே உயரத்தில் தொங்கியதா? சன்னலுக்கு எவ்வளவு தூரம்? அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? மூன்று வெப்பமானிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்தால் ஒரே அளவைக் காட்டுகின்றனவா? கடைசிச் சோதனையை அவள் நாளைக் காலையிலேயே செய்துவிடலாம். ஒரு வெப்பமானி ஒரு பாகை கூட்டிக் காட்டினால் நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த வித்தியாசத்தையும் கட்டுரையில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அறை எவ்வளவு புழுக்கமாக இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்டும் எழுத நினைத்தால், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல். பிறகு வாங்கிய ஒப்புதல் செல்லாது.

ஆங்கிலத்தைப் பற்றி அவள் கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். முதலில் தமிழிலேயே எழுதட்டும். என்ன செய்தாள், எதைப் பார்த்தாள், எது எதிர்பார்த்தபடி வரவில்லை என்பது தெளிவாகட்டும். மொழிபெயர்க்க நான் உடன் உட்காருகிறேன்.

நோட்டின் முதல் பத்து நாள் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல். தகரக் கூரை வகுப்பில் வெப்பமானியை எந்தச் சுவரில் மாட்டினாள் என்பதையும் எழுது. மேற்குச் சுவராக இருந்தால் பிற்பகல் கணக்கை நாம் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்