லால்பாக் பேருந்தை ஒருநாள் டொம்லூருக்குத் திருப்புங்கள்

பெங்களூர்த் தமிழ் அமைப்புகளின் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நீங்கள் ஏற்பாடு செய்யும் சுற்று எல்லாருக்கும் மனப்பாடம்: லால்பாக், பசவன்குடி நந்தி, விதான சௌதா முன்னால் ஒரு படம், மாலையில் கமர்ஷியல் தெரு. அதில் குறையில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கென்றே இந்த நகரத்தில் இருப்பவற்றை அந்தச் சுற்று தொடுவதில்லை. டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயில், மடிவாளா சோமேசுவரர் கோயில், பேகூர் நாகேசுவரர் கோயில். மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

சொக்கநாதர் என்றதும் மதுரைக்காரர்கள் சிவனைத் தேடுவார்கள். டொம்லூரில் உள்ளே இருப்பவர் பெருமாள். இங்குள்ள 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கிறது. ஐ.டி. அலுவலகங்களுக்கு நடுவே நின்றுகொண்டு இந்தப் பெயரைப் படிக்க வேண்டும். கோயில் நிலைக்கால் இரண்டைக் கொடுத்தவர் அழகியார் என்பதும் கல்வெட்டில் இருக்கிறது.

மடிவாளாவில் 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வெங்கலூர் (பெங்களூர்) பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர். வேப்பூர்தான் இன்றைய பேகூர். இன்னொரு கொடையில் வரும் தாமரைக்கிரை, பக்கத்திலிருக்கும் தாவரேகெரே. தாவரே என்றால் தாமரை, கெரே என்றால் ஏரி; தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை.

பேகூருக்குக் கடைசியாகப் போங்கள். அங்கே பார்க்க வேண்டியது கன்னடக் கல்: ஏறத்தாழ 890-ஐச் சேர்ந்த நடுகல், பெங்களூர்ப் போரில் ஒருவர் இறந்ததைச் சொல்கிறது. போசள அரசன் வீர வல்லாளன் பசியோடு வந்து கிழவி கொடுத்த வெந்த அவரையை, கன்னடத்தில் ‘பெந்த காளு’, தின்றதால்தான் பெங்களூருக்கு இந்தப் பெயர் என்று வழிகாட்டிகள் இன்னமும் சொல்கிறார்கள். வல்லாளனுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முன்பே பெயர் கல்லில் இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்டி ‘இது எங்கள் ஊர்’ என்று கிளம்புகிறவர்களுக்கும் இந்தக் கல் நல்ல மருந்து. அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறோம். சோழர் மட்டுமல்ல, போசள (ஹொய்சள) அரசர்களும் இந்தப் பகுதியில் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கிய இடம் இது.

இப்போது நடைமுறை. ஒரு நடைக்குப் 12 பேர் போதும். 40 பேரைப் பேருந்தில் இறக்கினால் முன்னால் நிற்கும் நாலு பேர் தவிர யாரும் எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். காலை 7 மணிக்கு டொம்லூரில் தொடங்குங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். மடிவாளா தாண்டி சில்க் போர்டு நெரிசலில் சிக்கினால் பேகூர் கைவிட்டுப் போகும். பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை, சிவன் கோயிலுக்குத் திங்களும் பிரதோஷமும் வேண்டாம். அர்ச்சகரிடம் முந்தைய வாரமே சொல்லி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

உச்சி வெயிலில் கல்வெட்டு வெறும் சொரசொரப்பாகத் தெரியும். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழ வேண்டும். அதற்கு ஒளி சாய்வாக வர வேண்டும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் உயர்த்தாமல் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து அடித்தால் நெட்டுக் கோடுகள் எழும், மேலிருந்து அடித்தால் படுக்கைக் கோடுகள். இரண்டு விதத்திலும் படமெடுக்க வேண்டும். பிளாஷ் நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஓர் அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும்.

சாக்குக்கட்டி, மாவு, திருநீறு எதையும் எழுத்தில் தேய்க்க விடாதீர்கள். தேய்ப்பவர் தான் ஊகித்த எழுத்தைத்தான் வரைகிறார். அடுத்து வருபவர் அந்த ஊகத்தையே படிக்கிறார். எண்ணெய் புழுதியைப் பிடித்துப் பள்ளத்தை அடைக்கும். கல்லில் தாளை ஒட்டி மையால் பிரதியெடுக்கும் மைப்படி வேலை அனுமதி பெற்ற நிபுணர்களுக்கு.

‘ஒன்றுமே புரியவில்லை’ என்று பாதியில் செல்போனை எடுப்பார்கள். காரணம் எளியது. பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும் பல இடங்களில் ஒன்றுபோல் தோன்றும். நடுவில் கிரந்த எழுத்தும் வரும். ஆகவே கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு வரியை மட்டும் சொல்லிக் கொடுங்கள். தொடக்கத்திலுள்ள மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தானாகக் கண்டுபிடித்தவர் அப்புறம் நகரமாட்டார். கல்வெட்டு வாசகத்துக்கு பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியைப் பாருங்கள். தாலுகா வாரியாக எண்ணிட்டிருப்பதால் பெங்களூர் தாலுகாவில் தேட வேண்டும். தேவையான வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தால் போதும்.

மார்கழியில் வேண்டாம், கோயில்களில் நிற்க இடமிருக்காது. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சு இரண்டு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
பெங்களூர்க் கல்வெட்டு ஆர்வலர்கள் சிலர்