தரவு அறிவியலோடு பொருளியலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவரும் வழிகாட்டிக் கட்டுரைகள், தரவு அறிவியலில் சேர விரும்பும் மாணவர்களுக்குக் கணிதத்தையும் நிரலாக்கத்தையும் வலியுறுத்துகின்றன. பொருளியலைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. இது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய செந்தில் முல்லைநாதன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல், கணிதம், பொருளியல் மூன்றையும் பயின்று, 1998-இல் ஹார்வர்டில் பொருளியல் முனைவரானவர். பணநெருக்கடி மனிதரின் சிந்தனைத் திறனை எப்படிப் பாதிக்கிறது என்பதை அறிய, அவரும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். கையில் பணம் வந்த பிறகு அதே விவசாயி சோதனையில் மேலாகச் செய்தார். (இம்முடிவுக்கு மறுப்புகளும் எழுந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) எனக்கு வியப்பளிப்பது ஆய்வின் அமைப்புதான். ஆலைகளின் அரவைத் திறனுக்கேற்ப வெட்டும் நாள் வயலுக்கு வயல் மாறுவதால், ஒரே மாதத்தில் ஒருவர் பணம் பெற்றிருப்பார், மற்றவர் காத்திருப்பார். ஆகவே பருவகால மாற்றங்களின் தாக்கத்தைப் பணத்தின் தாக்கத்திலிருந்து பிரித்தறிய முடிந்தது. ஆலைகள் தரும் வெட்டு உத்தரவு பற்றிய இந்த அறிவைக் கணினி தந்துவிடாது.

2019-இல் அவர் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, அமெரிக்க மருத்துவத் துறையில் பயன்பாட்டிலிருந்த ஒரு கணினிக் கணிப்பு நெறிமுறையை (அல்காரிதம்) பற்றியது. கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைக் கண்டறிய, அது நோயின் தீவிரத்துக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. அதே அளவு நோயுற்ற வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், இனம் என்ற விவரமே உள்ளீட்டில் இல்லாதபோதும் அவர்கள் பின்தள்ளப்பட்டனர். அப்பிழையைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்பு பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என ஆய்வு காட்டியது. நிரலில் குறையில்லை, எதை அளப்பது என்ற தேர்வில்தான் குறை.

நலத்திட்டப் பயனாளிகளைத் தெரிவு செய்வது முதல் கடன் வழங்குவது வரை கணினிக் கணிப்புகள் பரவிவரும் நிலையில், இப்பாடப்பிரிவுகளில் ஒரு பருவமேனும் பொருளியலும் கள ஆய்வும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கற்பிக்க ஆளில்லை என்று பொறியியல் கல்லூரிகள் சொல்லக்கூடும். அருகிலுள்ள கலைக் கல்லூரிகளின் பொருளியல் துறைகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதித்தால் அதற்கும் வழி பிறக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
விழுப்புரம்.